அக்கம்பக்க உதவி வலையமைப்பு: கட்டுவதற்கும் அளப்பதற்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாறு கரைபுரண்டு சென்னையின் தென்பகுதிகள் மூழ்கியபோது, உதவ முன்வந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. மீனவர்கள் படகுகளோடு வந்தார்கள். கணினித் துறை இளைஞர்கள், உதவி கேட்போரையும் தருவோரையும் இணைக்கும் விரிதாள்களையும், தண்ணீர் தேங்கிய தெருக்களைப் பொதுமக்களே குறிக்கும் வரைபடத்தையும் மிகக் குறுகிய காலத்தில் உருவாக்கினார்கள். இருந்தும், மீட்கப்பட்டுவிட்டவர்களுக்கான கோரிக்கைகள் அதற்குப் பிறகும் கைபேசிகளில் சுற்றிக்கொண்டே இருந்தன. எந்தத் தெருவில், எந்தத் தளத்தில், எந்த முதியவர் தனித்து இருக்கிறார் என்று சொல்லும் பட்டியல் பெரும்பாலான இடங்களில் யாரிடமும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பகுதிகளில் மின்சாரமும் கைபேசி அலைவரிசையும் போனபோது, எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய அதே குறை மறுபடியும் வெளிப்பட்டது.

அந்தக் குறையைத் தெரு அளவில் எப்படிச் சரிசெய்வது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். ஐம்பது முதல் இருநூறு வீடுகள் வரை உள்ள ஒரு தெருவையோ அடுக்குமாடிக் குடியிருப்பையோ மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது. குடியிருப்போர் நலச் சங்கமோ மகளிர் சுயஉதவிக் குழுவோ கோயில், பள்ளிவாசல், தேவாலயம் சார்ந்த குழுவோ இதை நடத்தலாம். தேவைப்படும் மென்பொருள்கள் எல்லாம் இலவசமாகவே கிடைப்பவை, செலவாவது நேரம்தான். வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கி அதில் நிறைய பேரைச் சேர்த்துவிட்டால் வலையமைப்பு உருவாகிவிட்டது என்று நினைப்பவர்கள் மூன்றாவது படியைக் கடக்கும் முன் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

முதல் படி: எல்லையை வகுத்துக்கொள்ளுதல்

எந்த உதவியைச் செய்வோம், எதைச் செய்யமாட்டோம் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். மருந்து வாங்கித் தருதல், மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லுதல், ஓய்வூதியம் அல்லது சான்றிதழுக்கு விண்ணப்பிக்க உதவுதல், மழைக்காலத்தில் கீழ்த்தளத்தில் இருப்பவர்களை மேலே அழைத்துச் செல்லுதல் ஆகிய நான்கும் தொடக்கத்திற்குப் போதுமானவை. கடன் கொடுப்பது, குடும்பச் சண்டையில் தலையிடுவது, மருந்தின் அளவைப் பற்றி ஆலோசனை சொல்வது ஆகியவை வேண்டாம்.

உயிர் ஆபத்து என்றால் முதல் அழைப்பு 108-க்குத்தான் போக வேண்டும். தெருவின் தன்னார்வலர் அதற்கு மாற்றாக முடியாது. முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416, சென்னை மாநகராட்சியின் 1913, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1070, மாவட்டத்தின் 1077 ஆகியவற்றை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒவ்வொரு வீட்டிற்கும் கொடுப்பது, எந்தச் செயலியையும் நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

இரண்டாவது படி: வீடு வீடாகச் சென்று பதிவேடு தயாரித்தல்

இணையப் படிவம் ஒன்றைக் குழுவில் போட்டு நிரப்பச் சொன்னால், யாருக்கு உதவி குறைவாகத் தேவையோ அவர்கள்தான் முதலில் நிரப்புவார்கள். ஆகவே நேரில்தான் செல்ல வேண்டும். இருவராக, அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கும்படி செல்வது நல்லது. விவரங்களைப் பதிய கோபோடூல்பாக்ஸ் போன்ற கருவி பொருத்தமானது. கேள்விகளைத் தமிழிலேயே அமைக்கலாம், இணையம் இல்லாத இடத்திலும் கைபேசியில் பதிந்துகொண்டு பிறகு அனுப்பலாம். அது சிக்கலாகத் தோன்றினால் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் போதும்.

கேட்க வேண்டியவை சிலவே: வீட்டில் எத்தனை பேர், தனியாக வாழும் முதியவரோ படுக்கையில் இருப்பவரோ உண்டா, தரைத்தளமா மேல்தளமா, படி ஏற முடியுமா, மின்சாரம் நின்றால் பாதிக்கப்படும் பொருள்கள் (குளிர்பெட்டியில் வைக்கும் இன்சுலின், ஆக்சிஜன் கருவி) உண்டா, மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது, பட்டன் கைபேசியா ஸ்மார்ட்போனா. ஆதார் எண், வங்கி விவரம், சாதி, வருமானம் எதையும் கேட்கக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், விவரம் எதற்காகச் சேகரிக்கப்படுகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெறுவதையும், கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறும் உரிமையையும் வலியுறுத்துகிறது; பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் விவரத்திற்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். தெருவளவில் செயல்படும் சிறு குழுவும் இதே ஒழுங்கைப் பின்பற்றினால் பின்னாளில் சங்கடம் இருக்காது. ஒப்புதல் வாசகத்தைத் தமிழில், இரண்டே வாக்கியங்களில், வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

பதிவேட்டில் யார் விடுபடுகிறார்கள் என்பது, யார் சேர்க்கப்படுகிறார்கள் என்பதைவிட முக்கியமானது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரக் கிராமங்களை ஆராய்ந்த அமெரிக்க அரசியல் அறிவியலாளர் டேனியல் ஆல்ட்ரிச், உள்ளுக்குள் ஒற்றுமையும் வெளியே அரசு, தொண்டு நிறுவனங்களோடு தொடர்பும் கொண்ட ஊர்ப் பஞ்சாயத்துகள் நிவாரணத்தை விரைவாகப் பெற்றதைக் கண்டார். அதே பஞ்சாயத்துகளின் பட்டியலுக்கு வெளியே நின்ற தலித்துகள், கைம்பெண்கள் போன்றோருக்கு அந்த ஒற்றுமையே தடையானதையும் கண்டார். நகரத்தில் இதன் வடிவம் வேறு: சொந்த வீட்டுக்காரர்கள் மட்டுமே உள்ள நலச் சங்கப் பட்டியலில் வாடகைக்கு இருப்பவர், மொட்டைமாடி அறையில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர், காவலாளியின் குடும்பம், தெருக்கோடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் ஆகியோர் இருக்கமாட்டார்கள். அவர்கள் இல்லாத பதிவேட்டை முடிந்த பதிவேடாகக் கொள்ளாதீர்கள்.

மூன்றாவது படி: தொடங்கும் முன் அளத்தல்

இப்போது என்ன நிலை என்று அளக்காமல் வேலையைத் தொடங்கிவிட்டால், ஓர் ஆண்டு கழித்து எதனோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் போகும். முதியோரின் சமூகத் தொடர்பை அளக்க லப்பன் அளவுகோலின் ஆறு கேள்விச் சுருக்க வடிவம் உலகெங்கும் பயன்படுகிறது. மூன்று கேள்விகள் உறவினரைப் பற்றியவை, மூன்று நண்பர்களைப் பற்றியவை. மாதத்தில் ஒரு முறையாவது பார்ப்பவர் அல்லது பேசுபவர் எத்தனை பேர், மனம் விட்டுப் பேசக்கூடியவர் எத்தனை பேர், உதவி கேட்கக்கூடிய அளவுக்கு நெருக்கமானவர் எத்தனை பேர் என்பன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 30. கூட்டுத்தொகை 12-க்குக் கீழ் இருந்தால் அவர் தனிமைப்படும் ஆபத்தில் இருப்பதாகக் கொள்ளப்படுகிறது.

இதை அப்படியே படித்தால் தேர்வு எழுதுவது போன்ற உணர்வு வந்துவிடும். திண்ணையிலோ வரவேற்பறையிலோ உட்கார்ந்து, "அம்மா, மாசத்துக்கு ஒரு தடவையாவது உங்ககிட்ட பேசுற சொந்தக்காரங்க எத்தனை பேர் இருப்பாங்க?" என்று தொடங்கினால், பதில் பெரும்பாலும் எண்ணாக வராது, பிள்ளைகளின் பெயர்களாக, அவர்கள் வேலை பார்க்கும் ஊர்களாக வரும். எண்ணிக் குறித்துக்கொள்வது உங்கள் வேலை.

இந்த அளவுகோலுக்கு நம் ஊரில் ஒரு குறை உண்டு. தினமும் காணொளியில் பேசும் மகள் அமெரிக்காவில் இருந்தாலும் மதிப்பெண் கூடும். இரவில் மயக்கம் வந்தால் அந்த மதிப்பெண் கதவைத் தட்டாது. அதனால் ஏழாவதாக ஒரு கேள்வியைத் தனியாகச் சேர்க்கச் சொல்வேன்: "ராத்திரி பத்து மணிக்கு உடம்புக்கு முடியலன்னா, பத்து நிமிஷத்துல வந்து நிக்கக்கூடியவங்க யாரு? மூணு பேர் வரைக்கும் சொல்லுங்க." இதன் பதிலை மொத்த மதிப்பெண்ணோடு கூட்டக் கூடாது. இந்த மூன்று பெயர்கள்தாம் பின்னர் வலையமைப்பின் வரைபடத்திற்கு மூலப்பொருள். "அப்படி யாரும் இல்லப்பா" என்ற பதில் வந்தால் அதையும் பதியுங்கள். தொடக்க அளவீட்டில் மிக மதிப்புள்ள தகவல் அதுவே.

நான்காவது படி: கோரிக்கைக்கு ஒரு வழி, அறிவிப்புக்கு வேறு வழி

காலை வணக்கம், பண்டிகை வாழ்த்து, தண்ணீர் லாரி அறிவிப்பு, "அவசரம், ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை" எல்லாம் ஒரே குழுவில் வந்து விழுந்தால் அவசரம் அமுங்கிப்போகும். வாட்ஸ்அப்பில் நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடிய அறிவிப்புக் குழு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒலிபரப்புப் பட்டியல் என்ற வசதியை நம்ப வேண்டாம். உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி சேரும், சேராதவர்கள் யார் என்பதும் எளிதில் தெரியாது.

கோரிக்கைகள் எல்லாம் ஒரே ஒரு தொலைபேசி எண்ணுக்கு வர வேண்டும். அந்தக் கைபேசி முறைவைத்துக் கைமாறலாம், எண் மாறக் கூடாது. பட்டன் கைபேசி வைத்திருப்பவருக்கும், எழுதத் தயங்குபவருக்கும் மிஸ்டு கால் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள். இரண்டே நிமிடங்களில் பொறுப்பாளர் திரும்ப அழைப்பார் என்ற வாக்குறுதியைக் காப்பாற்றினால் அந்த ஒன்றே நம்பிக்கையைக் கொண்டுவந்துவிடும்.

கைபேசியை வைத்திருப்பவர் ஒவ்வொரு கோரிக்கையையும் பகிரப்பட்ட விரிதாளில் ஒரு வரியாகப் பதிய வேண்டும். நிரல்கள்: கோரிக்கை எண், வந்த நேரம், வீட்டுக் குறியீடு, என்ன வகை, ஏற்றுக்கொண்ட தன்னார்வலரின் குறியீடு, ஏற்ற நேரம், முடிந்த நேரம், கேட்டவர் உறுதிசெய்தாரா. பெயர்களும் முகவரிகளும் வேறொரு கோப்பில், இருவர் மட்டுமே திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். சனிக்கிழமை இரவு 9.10: வீடு 41, இன்சுலின் தீர்ந்துவிட்டது, காலைக்கு வேண்டும். 9.18: தன்னார்வலர் 07 ஏற்றுக்கொண்டார். 9.55: அருகிலுள்ள மருந்துக்கடை மூடியிருக்கிறது, பேருந்து நிலையத்தருகே உள்ள கடைக்குச் செல்கிறார். 10.40: கொடுத்தாயிற்று. 10.45: வீடு 41-க்குப் பேசி உறுதிசெய்யப்பட்டது. இந்த ஒரு வரியில் இரண்டு காலதாமதங்கள் இருக்கின்றன. ஏற்பதற்கு 8 நிமிடம், உறுதியாக முடிவதற்கு 95 நிமிடம். முதலாவது நீண்டால் ஆள் பற்றாக்குறை. இரண்டாவது நீண்டால் சிக்கல் வெளியே, இங்கே இரவில் திறந்திருக்கும் மருந்துக்கடை எது என்ற தகவல் இல்லாததில் இருக்கிறது. இரண்டையும் ஒரே எண்ணாகக் கலந்துவிட்டால் எதைச் சரிசெய்வது என்று தெரியாது.

கடைசி நிரலைக் கண்டிப்பாக நிரப்புங்கள். முடிந்தது என்று சொல்லும் அதிகாரம் உதவியைக் கேட்டவருக்கு மட்டுமே உண்டு. உறுதியானவுடன் குழுவில் அந்தக் கோரிக்கை முடிந்தது என்று எண்ணைச் சொல்லி அறிவித்தால், 2015-இல் நடந்ததுபோல் முடிந்துபோன செய்தி ஊரைச் சுற்றாது.

ஐந்தாவது படி: தன்னார்வலர்கள்

கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சை இயக்கம் பின்னர் மலப்புறம் முதலிய மாவட்டங்களில் அக்கம்பக்க வலையமைப்பாக விரிந்தது. வாரத்தில் 2 மணி நேரமாவது ஒதுக்கக்கூடியவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தே அது வளர்ந்தது. இருபத்துநான்கு மணி நேரமும் தயார் என்று கை தூக்குபவரைவிட, செவ்வாய் மாலை ஆறு முதல் எட்டு வரை என்று சொல்பவர் நெடுநாள் நிலைப்பார். மருந்துச் சீட்டைப் படிப்பது, வீட்டில் கண்டதை வெளியே பேசாதிருப்பது, தன்னால் முடியாததை முடியாது என்று உடனே சொல்வது ஆகிய மூன்றையும் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தால் போதும். வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மருந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பகுதிப் பணியாளரையும் இந்தப் பயிற்சிக்கு அழையுங்கள். அவருக்கு உங்கள் தெருவைப் பற்றி உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கக்கூடும்.

ஆறாவது படி: அலைவரிசை போன பிறகு

பதிவேட்டின் அச்சுப்படி ஒன்று பொறுப்பாளர்கள் இருவரின் வீட்டில், உறையிட்டு முத்திரையிட்டு, மேல்தளத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாடிப்படிக்கும் ஒரு பொறுப்பாளர், அவருக்கு நான்கைந்து வீடுகள் என்று பிரித்துவிட்டால், கைபேசி இல்லாமலும் கதவைத் தட்டிக் கணக்கெடுக்க முடியும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபர் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் கைபேசியை அணைத்துவிட்டு இதை ஒத்திகை பாருங்கள்.

ஏழாவது படி: வலையை வரைந்து பார்த்தல்

மூன்றாவது படியில் சேர்த்த பெயர்கள் இப்போது பயன்படும். விரிதாளில் இரண்டே நிரல்கள்: யார் சொன்னார், யாரைச் சொன்னார். பெயருக்குப் பதில் குறியீட்டு எண் போடுங்கள். இந்தக் கோப்பை ஜெஃபி என்ற இலவச மென்பொருளில் ஏற்றினால் ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளியாக, ஒவ்வொரு பெயர்க்குறிப்பும் ஓர் அம்பாக விரியும். நாற்பது பேருக்கு உட்பட்டால் பெரிய தாளில் பென்சிலால் வரைவதும் நடைமுறையில் முடியும்.

படத்தில் நான்கு விஷயங்களைத் தேட வேண்டும். ஒன்று, எந்த அம்பும் தொடாமல் தனியே நிற்கும் புள்ளிகள். இவர்களுக்குத்தான் வேலை முதலில் தொடங்க வேண்டும். இரண்டு, எல்லா அம்பும் போய்ச் சேரும் ஓரிரு புள்ளிகள். ஒவ்வொரு தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அல்லது செவிலியர். அவரைப் பாராட்டுவதோடு நிறுத்தாமல், மென்பொருளில் அந்தப் புள்ளியை நீக்கிப் பாருங்கள். வலை மூன்று நான்கு துண்டாகச் சிதறினால், அவர் மகன் வீட்டுக்கு இரண்டு மாதம் போகும்போது உங்கள் தெருவுக்கு என்ன நேரும் என்பது திரையிலேயே தெரிந்துவிடும். மூன்று, ஒன்றோடொன்று ஒட்டாத கொத்துகள்: சொந்த வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம், வாடகைக்காரர்கள் ஒரு பக்கம். நான்கு, அந்தக் கொத்துகளுக்கு நடுவே நிற்கும் பாலங்கள். நெருக்கமற்ற பழக்கங்களே புதிய தகவலைக் கொண்டுவருகின்றன என்று 1973-இல் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் காட்டியது இங்கே பொருந்தும். இரு பக்கமும் பேசுகிற மளிகைக் கடைக்காரர், பால்காரர், வீட்டு வேலை செய்யும் பெண் ஆகியோர் படத்தில் பாலமாக நிற்பதைக் காணலாம். அவர்களிடம் கேட்டு, விருப்பம் இருந்தால் வலையமைப்பில் முறையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடர்த்தி என்ற எண்ணையும் மென்பொருள் தரும். அம்பின் திசையைப் பார்க்காமல் எண்ணினால், முப்பது பேருக்கு இடையே சாத்தியமான இணைப்புகள் 435. அவற்றில் எத்தனை உண்மையில் உள்ளன என்ற விகிதம் அது. ஆள் கூடக் கூட அடர்த்தி இயல்பாகவே குறையும் என்பதால், அளவில் வேறுபட்ட இரு தெருக்களை இந்த எண்ணால் ஒப்பிடுவது நியாயமாகாது. பேட்டி கொடுக்காத வீடுகள் பல இருந்தால் படமே ஏமாற்றும்; அந்த வீடுகளைத் தனி நிறத்தில் குறித்து வையுங்கள்.

எட்டாவது படி: மாதாந்தர எண்கள்

குழுவில் எத்தனை பேர், எத்தனை செய்திகள் என்பவை அளக்க எளிதாக இருப்பதாலேயே ஆண்டறிக்கைகளில் இடம்பெறுகின்றன. அவை உதவியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நான்காவது படியின் விரிதாளிலிருந்து மாதந்தோறும் ஐந்து எண்களை எடுத்தால் போதும்.

வந்த கோரிக்கைகளில் கேட்டவரே முடிந்ததாக உறுதிசெய்தவை எத்தனை சதவீதம் என்பது முதலாவது. இரண்டாவது, ஏற்பதற்கான நேரத்தின் இடைநிலை, அதாவது நேரங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது. சராசரியைப் பயன்படுத்தாதீர்கள்: ஐந்து கோரிக்கைகள் 10, 15, 20, 25, 600 நிமிடங்களில் ஏற்கப்பட்டால் சராசரி 134 நிமிடம், இடைநிலை 20 நிமிடம். வழக்கமான நாளை இடைநிலை காட்டும். அந்த 600 நிமிடக் கோரிக்கையை எடுத்து ஏன் அப்படி ஆனது என்று தனியே பேச வேண்டும். மூன்றாவது, அதிகம் உழைத்த இரண்டு தன்னார்வலர்கள் மொத்தக் கோரிக்கைகளில் எத்தனை பங்கைச் சுமந்தார்கள் என்பது. பாதிக்கு மேல் என்றால் உங்களிடம் இருப்பது இரண்டு நல்ல மனிதர்கள். வலையமைப்பு இன்னும் உருவாகவில்லை. நான்காவது, பதிவேட்டில் உதவி தேவைப்படுவோர் என்று குறிக்கப்பட்டும் ஆறு மாதமாக ஒரு முறைகூட அழைக்காத வீடுகள். அவர்களுக்குத் தேவையில்லையா, கூச்சமா, எண் தெரியாதா என்று நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். ஐந்தாவது, உதவி பெற்றவர்களில் எத்தனை பேர் ஏதோ ஒரு வகையில் உதவியும் செய்தார்கள் என்பது. படி இறங்க முடியாத பாட்டி ஒருவர் மிஸ்டு கால் கைபேசியை வாரம் ஒரு மாலை பார்த்துக்கொள்வது இதில் அடங்கும். எனக்குப் பிடித்த எண் இதுதான். பெறுபவராக மட்டுமே வைக்கப்படுபவர் நாளடைவில் கேட்பதையே நிறுத்திவிடுகிறார்.

எண்களைப் படிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். கோரிக்கைகளின் எண்ணிக்கை கூடினால் தெரு மோசமாகிறது என்று பொருளல்ல; தொடக்க மாதங்களில் அது நம்பிக்கை வளர்வதன் அடையாளம். தன்னார்வலர்களுக்கு எண்ணிக்கையை வைத்துப் பரிசு கொடுக்கத் தொடங்கினால், எளிதான கோரிக்கைகளைப் போட்டி போட்டு எடுத்துக்கொண்டு, மருத்துவமனையில் அரைநாள் காத்திருக்க வேண்டியதை எவரும் தொடமாட்டார்கள்.

ஒன்பதாவது படி: மீண்டும் அளத்தல், திருப்பிச் சொல்லுதல், அழித்தல்

ஆறு மாதம் கழித்து அதே ஏழு கேள்விகளோடு அதே வீடுகளுக்குச் செல்லுங்கள். மாற்றம் உங்கள் வேலையால் வந்ததா, காலத்தால் வந்ததா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு: பக்கத்துத் தெருவிலும் தொடக்கத்தில் அளந்துவிட்டு, அங்கே வலையமைப்பை ஆறு மாதம் தாமதமாகத் தொடங்குவது. முதல் தெருவில் மட்டும் "யாரும் இல்லப்பா" என்ற பதில் குறைந்திருந்தால் ஓரளவு துணிந்து சொல்லலாம். இருபது முப்பது வீடுகளின் கணக்கை வைத்து அதற்கு மேல் உரிமை கொண்டாடக் கூடாது.

கண்டவற்றைத் தெருவுக்கே திருப்பிச் சொல்லுங்கள். பொங்கல் கூட்டத்தில் பத்து நிமிடம் போதும். ஐந்து எண்களைச் சொல்லலாம். வரைபடத்தை மட்டும் குறியீட்டு எண்களோடுகூடக் காட்ட வேண்டாம், ஏனெனில் சிறிய தெருவில் தனியே நிற்கும் புள்ளி யார் என்று எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். வீடு மாறிச் சென்றவர், இறந்தவர், விலக விரும்புபவர் ஆகியோரின் விவரங்களை மூன்று மாதத்திற்கு ஒரு முறை இணையக் கோப்பிலிருந்தும், கைபேசிகளில் தரவிறக்கிய படிகளிலிருந்தும், மேல்தளத்து உறையிலிருந்தும் நீக்குங்கள். இந்த வேலைக்கு ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்து, நீக்கிய தேதியை விரிதாளின் முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள்.